தப்பிய கடை

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலே பக்தாது மாநகரில் ஸரீ ஸகதீ (ரஹ்) என்னும் பெரியார் வாழ்ந்தார்கள். 'ஸகத்' என்றால் உதிரிச் சாமான். 'ஸகதீ' என்றால் உதிரிச் சாமான் விற்பவர். நமது பாஷையில் சொல்வதானால் சில்லறைக் கடை முதலாளி. மஃரூஃபுல் கர்கீ (ரஹ்) அவர்களிடம் பாடம் பெற்றவர்கள். ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்களுக்குத் தாய்மாமனும் ஆசானும் ஆவார்கள். இறைநேசர்களின் வரிசையில் நாம் மதிப்புடன் பெயர் சொல்லும் அவர்கள், கடைத்தெருவில் உட்கார்ந்து, தராசு பிடித்து, கணக்கு எழுதியவர்கள் என்பதை நாம் அதிகம் நினைப்பதில்லை. நினைத்தால் நமக்குப் பாடம் அதிகம் கிடைக்கும்.

ஒரு நாள் பக்தாது கடைத்தெருவில் தீப்பிடித்தது. கடைகள் எரிந்தன. ஒருவர் ஸரீ (ரஹ்) அவர்களுக்கு எதிரே வந்து, உங்கள் கடை தப்பிவிட்டது என்று சேதி சொன்னார். கேட்டவுடன் 'அல்ஹம்துலில்லாஹ்' என்ற சொல் அவர்கள் வாயில் வந்தது. சம்பவம் இவ்வளவுதான். அந்த ஒரு சொல்லுக்காகத் தாம் 30 வருஷ காலமாகப் பாவமன்னிப்புக் கேட்டு வருவதாகப் பிற்காலத்தில் அவர்கள் கூறினார்கள் என்று இமாம் குஷைரீ (ரஹ்) அவர்கள் தமது ரிஸாலாவில் எழுதியிருக்கிறார்கள். புகழ் வார்த்தைக்கா பாவமன்னிப்பு என்று கேட்டவர்களுக்கு, முஸ்லிம்களுக்கு வந்த துன்பத்தின் நடுவே தம் ஒருவருக்கு மட்டும் நன்மை நாடிவிட்டதாக விளக்கம் சொன்னார்கள்.

ஹுஜ்வீரீ (ரஹ்) அவர்களின் கஷ்ஃபுல் மஹ்ஜூபில் இந்தச் சரித்திரம் வேறு விதமாக வருகிறது. சுற்றிலும் எரிந்து கிடக்கத் தம் கடை மட்டும் நிற்பதைக் கண்டு, இருந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள் என்பது அது. எனக்கு முதலாவது வரலாறே அதிகம் பயன்படுகிறது. கடையைத் தூக்கிக் கொடுத்துவிடுவது பெண்டு பிள்ளைகளும், கூலியாட்களும், பேரேட்டில் கடனும் உள்ள நம்மால் ஆகிற காரியமன்று. வாயிலிருந்து புறப்படும் ஒரு சொல்லைக் கவனிப்பது நம்மால் ஆகும்.

இங்கே ஒரு சந்தேகம் எழும். தப்பியதற்கு அல்லாஹ்வுக்கு நன்றி சொல்வது தவறா? தவறே அன்று. சொல்லாமலிருப்பதுதான் நன்றிகெட்ட தனம். நான் ஆலிம் அல்லன். மதறஸாவில் ஓதியதும் கடையில் பட்டதும்தான் என் படிப்பு. எனக்கு விளங்கிய வரையில் சொல்கிறேன்: குறை அந்தச் சொல்லில் இல்லை, அது வந்த இடத்தில் இருக்கிறது. தெருவெல்லாம் எரிகிறது என்றதும் மனிதன் மனது முதலில் தன் கடைக்குத்தான் ஓடும். அது இயற்கை. அதற்குக் கோபிக்க முடியாது. தன் கடை தப்பியது என்று தெரிந்ததும் அந்த மனது அங்கேயே உட்கார்ந்துவிடுகிறதே, அதுதான் விஷயம். பக்கத்துக் கடை யாருடையது, அவர் முதல் எவ்வளவு போயிற்று, இன்று இரவு அவர் வீட்டில் உலை வைத்தார்களா என்ற இரண்டாவது கேள்வி பிறக்கவில்லை. ஸரீ (ரஹ்) அவர்கள் 30 வருஷம் அழுதது அந்தக் கேட்காத கேள்விக்காக என்றே நான் எண்ணுகிறேன்.

இது ஏதோ பக்தாதில் நடந்த பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமையை நினைத்துப் பாருங்கள். காலையில் சுமத்திராவுக்கு அடுத்த கடலில் பூமி அதிர்ந்தது. அரை மணி நேரம் ஆகுமுன் அச்சேக் கரையில் அலை ஏறிற்று. 150,000 பேருக்கு மேல் மாண்டார்கள். மத்தியானத்தில் நம் பினாங்கிலும் வந்தது. மலேசியாவில் 68 பேர் இறந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் பினாங்கில் கடற்கரைக்குப் போனவர்களும் அங்கே குடியிருந்தவர்களுமே. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் இறந்தவர்கள் 6,000 பேருக்கு மேல். அன்று நம் கடைகளில் எல்லாம் தொலைபேசி ஓயவில்லை. ஊருக்குப் போட்டவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. கிடைத்தவர்கள் முதலில் கேட்டது, நம்ம ஊருக்கு ஒன்றுமில்லையே என்பது. ஒன்றுமில்லை என்ற பதில் வந்ததும் ஸரீ (ரஹ்) அவர்கள் வாயில் வந்த அதே சொல் தெரு முழுவதும் கேட்டது.

இராமநாதபுரம் ஜில்லாக்காரர்கள் நம்மில் ஏராளம். பாக்கு நீரிணைக் கரையோர ஊர்களில் அன்று பெருஞ்சேதம் இல்லை. ஏன் இல்லை என்பதை நம்மில் எத்தனை பேர் யோசித்தோம்? கிழக்கே இலங்கைத் தீவு குறுக்கே கிடக்கிறது. சுமத்திராப் பக்கமிருந்து நேரே வந்த அலையை அந்தத் தீவின் கிழக்குக் கரை வாங்கிக்கொண்டது. அங்கே 30,000 பேருக்கு மேல் இறந்தார்கள். இலங்கையிலேயே அதிகமான உயிர்ச்சேதம் அம்பாறை மாவட்டத்தில். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களெல்லாம் அங்கேதான் இருக்கின்றன. யார் வசிக்கும் ஊர்கள்? நம்மைப் போலவே தமிழ் பேசி, நம்மைப் போலவே பாங்கு கேட்டுக் கடையடைத்துத் தொழப் போகிற முஸ்லிம்கள். நம் ஊர் தப்பியது என்று நாம் நன்றி சொன்ன அந்த நேரத்தில், நம் ஊருக்கு வர வேண்டியதைத் தாங்கி நின்ற கரையில் மையித்துகள் கிடந்தன. இதைப் பின்னால் ஒரு நாள் தேசப்படத்தை விரித்துப் பார்த்தபோதுதான் நான் அறிந்தேன். அதற்குப் பிறகு, பெரிய சேதி எது வந்தாலும் தேசப்படத்தை எடுத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டாயிற்று. பிள்ளைகளுக்கும் காட்டுகிறேன்.

நாகப்பட்டினத்தில் இறந்தவர்களோ பெரும்பாலும் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் போன்ற குப்பங்களின் மீனவ ஜனங்கள், முஸ்லிமல்லாதவர்கள். ஸரீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம்கள் என்று சொன்னது அந்தக் கடைத்தெருவில் எரிந்தது அவர்கள் கடை என்பதால். அதைக் கொண்டு நம் இரக்கத்துக்கு வேலி போட்டுக்கொள்ளக் கூடாது. பூமியிலுள்ளோர் மீது இரக்கம் காட்டச் சொன்ன நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதில் ஒரு கூட்டத்தையும் விலக்கி வைக்கவில்லை. அந்தக் கரையில் முஸ்லிம் இளைஞர்கள் ஜாதி மதம் பாராமல் பிரேதங்களைத் தூக்கி அடக்கம் செய்ததை நாடே பார்த்தது.

இனி நம் தொழிலுக்கு வருகிறேன். மற்றவர்களுக்குத் தூரத்துத் துன்பம் பத்திரிகையில் வரும். வியாபாரிக்கு அது விலையில் வரும். நமது கடையில் அடுக்கியிருக்கும் மூட்டை ஒவ்வொன்றுக்கும் ஓர் ஊர் உண்டு. அந்த ஊரில் மழை தப்பினாலும் மிஞ்சினாலும் நம் தராசில் தெரியும். ஆகவே வியாபாரிக்கு வாய் இரண்டு. ஒன்று 'அல்ஹம்துலில்லாஹ்' சொல்கிற வாய். மற்றொன்று விலை சொல்கிற வாய். முதல் வாயைக் காட்டிலும் இரண்டாவது வாய்க்குத்தான் அதிகம் கணக்குக் கேட்கப்படும் என்று நான் பயப்படுகிறேன்.

வெங்காயத்தை எடுத்துக் கொள்வோம். இந்திய வெங்காயத்துக்கு மகாராஷ்டிர மாநிலத்து நாசிக் ஜில்லாதான் தாய்வீடு. அங்கே கோடையில் அறுத்த வெங்காயத்தைக் கொட்டகையில் காற்றோட்டமாகப் பரப்பி வைத்து, மழைக்காலம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விற்பார்கள். மழைக்கு நட்டது அக்டோபருக்குமேல் வரும். இரண்டுக்கும் இடைப்பட்ட செப்டம்பரில் சரக்கு மெலிந்துவிடும். அந்த நேரத்தில் அடைமழை பெய்தால் கொட்டகையில் உள்ளது அழுகும், வயலில் உள்ளதும் அழுகும். 2019இல் அப்படித்தான் ஆயிற்று. செப்டம்பர் 29ஆம் தேதி இந்திய சர்க்கார் வெங்காய ஏற்றுமதியை நிறுத்தியது. அன்று மாலைக்குள் இங்கே தொலைபேசிகள் பேசத் தொடங்கிவிட்டன. மறுநாள் காலை கிட்டங்கியில் ஒரு வாரத்துக்கு முன்னே வந்திறங்கிய பழைய வெங்காயத்துக்கும் புது விலை!

இங்கே விலை ஏறினால் அங்கே உழவனுக்குப் பணம் கொட்டும் என்று எண்ணுகிறோம். அதுவும் இல்லை. 2023 டிசம்பர் 8ஆம் தேதி மறுபடியும் ஏற்றுமதியை நிறுத்தினார்களே, அப்போது இங்கே விலை ஏறிற்று. நாசிக் சந்தையிலோ விலை விழுந்தது. மழைக்குத் தப்பிய கொஞ்ச வெங்காயத்தையும் முதலுக்கு விற்க முடியாமல் உழவர்கள் ரோட்டில் உட்கார்ந்து கிளர்ச்சி செய்தார்கள். ஆகவே அங்கேயும் அழுகை, இங்கே வாங்குகிறவர் வீட்டிலும் அழுகை. சிரித்தது நடுவில் இருந்தவர்கள். நடுவில் இருக்கிறவர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

ஸரீ (ரஹ்) அவர்களின் மற்றொரு சரித்திரம் இந்த இடத்துக்கே உரியது. இமாம் கஸ்ஸாலீ (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எழுதுகிறார்கள். ஸரீ (ரஹ்) அவர்கள் 60 தீனாருக்குப் பாதாம் பருப்பு வாங்கிப் போட்டார்கள். லாபம் 3 தீனார் என்று தமது தினக் கணக்கில் முன்னதாகவே குறித்துக் கொண்டார்கள். பத்துக்கு அரை என்பது அவர்கள் வைத்திருந்த விகிதம். கொஞ்ச நாளில் பாதாம் 90 தீனாருக்கு ஏறிவிட்டது. தரகர் வந்தார். 63க்கு எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். தரகரும் நல்லவர், இன்றைய விலை 90 ஆயிற்றே என்று உள்ளதைச் சொன்னார். 63க்கு மேல் விற்பதில்லை என்று தாம் அல்லாஹ்விடம் உறுதி செய்திருப்பதாக இவர்கள் சொன்னார்கள். எந்த முஸ்லிமையும் ஏமாற்றி வாங்குவதில்லை என்று தாமும் உறுதி செய்திருப்பதாகவும், ஆகவே 90க்குக் குறைந்து வாங்க முடியாது என்றும் தரகர் சொன்னார். கடைசியில் இவர் விற்கவும் இல்லை, அவர் வாங்கவும் இல்லை!

நம் ஆட்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும், சிரிப்பதற்கும் இதில் இடமுண்டு. ஆனால் நான் இதில் பார்ப்பது லாபத்தின் அளவைக்கூட அன்று. விலை ஏறுமுன் லாபத்தை எழுதி வைத்துவிட்டார்கள் பாருங்கள், அதைத்தான். பிறர் கஷ்டம் வந்து கதவைத் தட்டும்போது 'எவ்வளவு எடுக்கலாம்' என்று யோசிக்க உட்கார்ந்தால் நஃப்ஸ் நம்மோடு சேர்ந்து உட்கார்ந்துவிடும். கஷ்டம் வருமுன்னே எழுதி வைத்தவனுக்கு யோசிக்க வேலையில்லை.

ஒரு நண்பர் என்னிடம் வாதாடினார். அவர் வாதத்தில் நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. "நானா, பழைய மூட்டையைப் பழைய விலைக்கு விற்றுவிட்டால், புது மூட்டையைப் புது விலைக்கு எந்தக் காசில் எடுப்பது? முதல் கரைந்துவிடாதா?" என்றார். கரையும்தான். சிறு கடைக்காரன் இரண்டு தடவை அப்படிச் செய்தால் மூன்றாம் தடவை கடை இராது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் காலத்தில் மதீனாவில் விலை ஏறியபோது, விலையைக் கட்டித் தரும்படி ஜனங்கள் கேட்டும் அவர்கள் கட்டித் தரவில்லை என்ற ஹதீஸும் உண்டு. அதை நம் வர்த்தகர்கள் நன்றாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். தானியத்தைப் பதுக்குகிறவன் பாவி என்று அதே நபியவர்கள் சொன்னதை அவ்வளவு மனப்பாடம் செய்யவில்லை. இதில் சட்டம் கேட்பவர்கள் தத்தம் மத்ஹபின் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்வது நல்லது. மலேசியாவில் 2011ஆம் ஆண்டின் கொள்ளை லாபத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அதிகாரி வந்தால் அவர் மத்ஹப் பார்க்க மாட்டார்.

நான் எங்கள் கடையில் செய்வதைச் சொல்கிறேன். இதைவிட நல்ல வழி தெரிந்தவர்கள் எனக்குச் சொல்லலாம். சேதி வந்த அன்று கிட்டங்கியில் எத்தனை மூட்டை இருக்கிறதென்று எண்ணி எழுதிவிடுவேன். அந்த மூட்டைகள் தீரும் வரையில் வீட்டுக்காரர்களுக்குக் கிலோக் கணக்கில் பழைய விலைதான். ஆளுக்கு இவ்வளவு என்று அளவு உண்டு. மூட்டையாகக் கேட்பவர்களுக்கு அன்றைய விலை. ஏனென்றால் பழைய விலைக்கு மூட்டையாக விட்டால், அடுத்த தெருக்காரர் நான்கு பையன்களை அனுப்பி அள்ளிக்கொண்டு போய்த் தம் கடையில் புது விலைக்கு விற்பார். நாம் விட்டுக்கொடுத்த காசு ஏழைக்குப் போகாமல் அவர் கல்லாவுக்குப் போகும். மூட்டை தீர்ந்த பிறகு புது விலை; அதில் வெட்கம் இல்லை. சரக்கு இருக்க இல்லையென்று சொல்வது மட்டும் எந்தக் காலத்திலும் கிடையாது. முதல் கரையத்தான் செய்கிறது. ஆனால் மாதக் கடைசியில் பார்த்தால் அந்த வாடிக்கை நம்மை விட்டுப் போகவில்லை. இதையும் லாபக் கணக்காகச் சொல்கிறேனே என்று யாரும் நினைக்க வேண்டாம். வியாபாரியிடம் வியாபாரியின் பாஷையில்தான் பேச முடியும்.

பதுக்கல் எவ்வளவு தூரம் கொண்டு போகும் என்பதற்கு வங்காளம் சாட்சி. 1942இல் ஜப்பான்காரர் பர்மாவைப் பிடித்தார்கள். ரங்கூன் அரிசி நின்றது. ஜப்பான்காரர் கைக்குக் கிடைக்கக் கூடாதென்று பிரிட்டிஷ் சர்க்கார் கரையோர வங்காளத்துப் படகுகளையும் நெல்லையும் அப்புறப்படுத்தியது. அவ்வாண்டு அக்டோபரில் மேதினிப்பூரில் புயல். இதற்குமேல், விலை இன்னும் ஏறும் என்று அரிசியை வைத்துப் பூட்டிய வியாபாரிகள். 1943இல் ஏறக்குறைய 30 லட்சம் பேர் பஞ்சத்திலும் அதைத் தொடர்ந்த நோயிலும் மடிந்தார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அமர்த்தியா சென் என்னும் பொருளாதார அறிஞர் 1981இல் வெளியிட்ட நூலில், அரிசி அடியோடு இல்லாமல் போனதைவிட, வாங்கச் சக்தியில்லாமல் போனதே அந்த ஜனங்களைக் கொன்றது என்று கணக்குகளைக் கொண்டு காட்டினார். கூலிக்காரர்களும் மீனவர்களும் கல்கத்தா வீதிகளில் விழுந்து இறந்தபோது, அதே நகரத்தில் காசுள்ளவர்களுக்கு அரிசி கிடைத்தது. அதே காலத்தில் இங்கே மலாயாவிலும் சிங்கப்பூரிலும் நம் பாட்டனார்கள் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் வைத்திருந்தார்கள். அந்தக் காலத்தில் அளந்து கொடுத்த கடைக்காரரின் பெயரை இன்றும் சில வீடுகளில் துஆவில் சேர்க்கிறார்கள். பதுக்கியவர்கள் பெயரும் மறக்கப்படவில்லை.

விலையைப் பற்றிச் சொன்னது போதும். சாப்பாட்டைப் பற்றியும் ஒரு பாடம் உண்டு.

ஹிஜ்ரி 18ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 639 வாக்கில், ஹிஜாஸில் மழையே இல்லை. மண் சாம்பலாய்ப் பறந்தது. 'சாம்பல் ஆண்டு' என்றே அதற்குப் பெயர். நாட்டுப்புறத்து அரபிகள் மதீனாவைச் சுற்றி வந்து குவிந்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்கள் மாகாணங்களுக்கு எழுதினார்கள். ஷாமிலிருந்து அபூ உபைதா (ரலி) அவர்கள் 4,000 ஒட்டகைச் சுமை உணவுடன் முதலில் வந்து சேர்ந்ததாகத் தபரீயின் சரித்திரத்தில் வருகிறது. இது கலீஃபாவாக அவர்கள் செய்தது. வீட்டில் அவர்கள் செய்தது வேறு. ஜனங்கள் பழையபடி செழிக்கும் வரையில் நெய்யும் மாமிசமும் தொடுவதில்லை என்று சத்தியம் செய்தார்கள். ரொட்டிக்கு ஜைத்தூன் எண்ணெய்தான். அவர்கள் மேனியின் நிறமே கறுத்துப் போயிற்று. வயிறு இரைந்தபோது, ஜனங்களுக்கு நெய் கிடைக்கும் வரையில் உனக்கும் கிடையாது என்று வயிற்றோடு பேசினார்களாம். ஒரு நாள் கடைத்தெருவுக்குக் கொஞ்சம் நெய்யும் பாலும் வந்தன. பணியாள் 40 திர்ஹம் கொடுத்து வாங்கி வந்து வைத்தார். அவர்கள் அதைத் தர்மம் செய்துவிடச் சொன்னார்கள். ஜனங்களைத் தொடுகிற கஷ்டம் தம்மைத் தொடாவிட்டால் அவர்கள் நிலைமை தமக்கு எப்படி விளங்கும் என்பது அவர்கள் சொன்ன காரணம்.

முஃமின்களை ஓர் உடலுக்கு ஒப்பிட்ட ஹதீஸை ஜும்ஆ பயானில் கேட்காதவர் நம்மில் இல்லை. அந்த உடலுக்கு வருவதாக அதில் சொல்லப்பட்டவை காய்ச்சலும் தூக்கமின்மையும். இரண்டும் உடம்பில் தெரிகிற சங்கதிகள். வாயால் 'ஐயோ பாவம்' என்பது அந்த ஹதீஸில் இல்லை. உமர் (ரலி) அவர்கள் உடம்பில் தெரிந்தது.

ஆனால் எதை விடுவது என்பதில் புத்தி வேண்டும். 2004இல் அலை அடித்த பிறகு நாகப்பட்டினத்திலும் இலங்கையிலும் ஜனங்கள் பல வாரம் மீன் வாங்கவில்லை. பிரேதங்கள் மிதந்த கடல் என்ற அருவருப்பு. இங்கேயும் சிலர் மீனை நிறுத்தினார்கள். அதை அனுதாபம் என்றுகூடச் சொல்லிக்கொண்டார்கள். விளைவு என்ன? வள்ளமும் வலையும் பிள்ளையும் போன மீனவன், மிச்சமிருந்த வள்ளத்தில் போய்ப் பிடித்து வந்த மீனும் விலை போகாமல் இரண்டாம் தடவை நஷ்டப்பட்டான். உமர் (ரலி) அவர்கள் விட்டது கிடைப்பதற்கு அரிதாயிருந்த நெய். அவர்கள் விட்டால் அது வேறொருவருக்குப் போய்ச் சேரும். நாம் விட்டது கஷ்டப்பட்டவன் விற்க வந்த மீன். எங்கள் உம்மா பள்ளிக்கூடம் போகாதவர்கள். அந்த வாரம் என்னைக் கூப்பிட்டு, மீன் வாங்கி வா, பேரம் பேசாதே என்றார்கள். காரணம் ஒன்றும் சொல்லவில்லை. ஆணம் வைத்து எல்லாருக்கும் ஊற்றினார்கள்.

இக்காலத்தில் துன்பத்தைப் பார்ப்பதற்குக் குறைவில்லை; கைப்பேசியில் கொட்டுகிறது. 2023 அக்டோபர் முதல் காஸாவின் படங்களைத் தேத்தண்ணி குடித்துக்கொண்டே பார்க்கிறோம். இடிந்த வீட்டைப் பார்த்துவிட்டு, அடுத்த விரலில் பந்தாட்டத்தைப் பார்க்கிறோம். பார்ப்பது தவறென்று சொல்லவில்லை. பார்த்துப் பார்த்துக் கண் தடித்துப் போகிறது என்பது என் அபிப்பிராயம். எங்கள் வீட்டில் இரவுச் சாப்பாட்டில் கைப்பேசி கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சேதியைப் பற்றி மட்டும், அது எந்த ஊர், அங்கே ஜனங்கள் என்ன தொழில் செய்தார்கள், நம் கடைக்கு அங்கிருந்து என்ன வருகிறது என்று பேசுவோம். பிறகு துஆ. ஒரு சேதிக்கு மேல் பேசினால் பிள்ளைகளுக்கு எதுவும் மனதில் நிற்பதில்லை.

எல்லாவற்றையும்விடக் கடினமான சோதனை, தூரத்துத் துன்பம் நடந்து வந்து நம் கடை வாசலிலேயே நிற்கும்போது வருகிறது. 2017 ஆகஸ்டில் அரக்கானில் ரோஹிங்யா முஸ்லிம்களின் கிராமங்கள் எரிந்தபோது 7 லட்சம் பேருக்கு மேல் வங்காள தேசத்துக்கு ஓடினார்கள். நம் பள்ளிவாசல்களில் குனூத் ஓதினோம், வசூல் செய்தோம். குறை சொல்ல இடமில்லை. அதே ஜனங்களில் ஒரு லட்சம் பேருக்கு மேல் இந்த மலேசியாவில் அகதிகளாகப் பதிவாகி இருக்கிறார்கள். அரக்கானில் இருந்தவரை அவர்கள் நம் சகோதரர்கள். சந்தையில் வந்து நின்றதும் தொந்தரவு! 2020இல் நோய்த் தொற்றுக் காலத்தில் அவர்களைப் பற்றி இந்த நாட்டில் பேசப்பட்ட பேச்சுகளை யாவரும் அறிவோம். அந்தப் பேச்சில் நம் கடைத்தெருவின் குரலும் கலந்திருந்தது. நாம் யார்? கப்பலேறி வந்தவர்களின் பேரன்கள். நம் பாட்டன்மார் கையில் சீட்டு இருந்தது, இவர்கள் கையில் இல்லை. அந்த வித்தியாசத்தை நான் மறுக்கவில்லை. சர்க்காரின் சட்டத்துக்கு நாம் கட்டுப்பட்டவர்கள். ஆனால் அரிசி கேட்டு வருகிறவரிடம் எப்படிப் பேசுவது என்பதற்குச் சட்டம் தடை போடவில்லை.

எங்கள் கடைக்கு அப்படி ஒருவர் வருகிறார். மனைவியும் மூன்று பிள்ளைகளும். கேட்பது குறுணை அரிசி, பருப்பு, கொஞ்சம் எண்ணெய், சில நாள் வெங்காயம். காசு இருந்தால் கொடுப்பார். இல்லாத வாரம் கடன். 555 புத்தகத்தில் நம் வாடிக்கைக்காரர்களை எல்லாம் கடைப் பையன் பெயர் போட்டு எழுதுவான்: இன்ன நானா, இன்னார் வீட்டு உம்மா, மூன்றாம் நம்பர் சீனப் பாட்டி என்று. இவருடைய ஏட்டில் மட்டும் 'ரோஹிங்யா' என்று எழுதியிருந்தான். அவர் அடுத்த முறை வந்தபோது பெயர் கேட்கச் சொன்னேன். கேட்டான். அவர் தம் பெயரைச் சொல்லி, தகப்பனார் பெயரையும், ஊர் பெயரையும் சேர்த்துச் சொன்னார். ஊரில் அவரும் கடை வைத்திருந்தவராம். உப்பு, புகையிலை, கருவாடு, மண்ணெண்ணெய். அவர் கடை தப்பவில்லை. பையன் பழையதை அடித்துவிட்டு, பெயரை எழுதிக்கொண்டான். இந்த மாதம் 14 வெள்ளி பாக்கி நிற்கிறது.